கைப்பிடிச் சுவரும் வாடகை உரிமமும்

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், நம்மில் பலர் விரைந்து படித்துக் கடந்துவிடும் சிறு கட்டளை ஒன்று உண்டு. புது வீடு கட்டுகிறவன் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, யாரேனும் அங்கிருந்து தவறி விழுந்து மாண்டால், அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். யூதர்களின் வீட்டு மேல்தளம் தட்டையானது. அங்கே சணல் தட்டைகளைக் காயவைத்தனர், காற்று வாங்கினர், இறைவேண்டலும் செய்தனர். யோப்பா நகரில் திருத்தூதர் பேதுரு வேண்டுதல் செய்யச் சென்றதும் அத்தகைய மேல்தளத்திற்கே.

இக்கட்டளை உணர்த்தும் உண்மை ஆழமானது. வீடு என்னுடையது; அதற்கான பொருளும் என்னுடையது. ஆயினும் என் வீட்டில் ஏறி நடமாடுகிறவனின் உயிர் என்னுடையதன்று, அது இறைவனுடையது. ஆகவே, அவன் விழுந்தபின் வருந்துவது போதாது. விழாதபடி முன்னரே சுவர் எழுப்புவது என் கடமை. இரக்கம் என்று நாம் கருதுவதை இறைவன் இங்கே நீதி என்று கட்டளையிடுகிறார்.

இந்தப் பழங்கட்டளையின் சாயலை இன்றைய நகராட்சிச் சட்டம் ஒன்றில் காணலாம். இங்கிலாந்து நாட்டில், வீட்டை வாடகைக்கு விடுவோர் பலர், தத்தம் பகுதி நகர மன்றத்திடம் உரிமம் பெற்றாக வேண்டும். கடை நடத்தவும் வண்டி ஓட்டவும் உரிமம் பெறுவதை நாம் அறிவோம். வீட்டை வாடகைக்கு விடவும் உரிமமா என்று சிலர் வியக்கலாம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றிலிருந்து மக்கள் படிப்புக்காகவும் பணிக்காகவும் இங்கிலாந்து செல்கின்றனர். நிலத்தை அடகு வைத்தும், வங்கிக் கடன் பெற்றும் பெற்றோர் அவர்களை வழியனுப்புகின்றனர். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நன்கு ஆராயப்படுகின்றன. ஆனால், பிள்ளை இரவில் எங்கே தலைசாய்க்கப் போகிறான் என்ற கேள்விக்கு, "தெரிந்தவர் ஒருவர் அறை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னரே அங்குச் சென்று, உழைத்து, வீடு வாங்கி, அதனை வாடகைக்கு விட்டிருப்போரிலும் நம் மக்கள் உளர். கிழக்கு இலண்டனில் நியூஹாம் என்னும் பகுதி மன்றத்தின் எல்லைக்குள் அடங்கிய ஈஸ்ட்ஹாம், தமிழர் செறிந்து வாழும் இடம். அங்கே தமிழில் பெயர்ப்பலகை தாங்கிய கடைகள் உண்டு. தமிழர் வழிபடும் ஆலயங்கள் உண்டு. அங்கே வாடகை கொடுப்பவனும் தமிழன், வாடகை வாங்குபவனும் தமிழன் என்ற நிலையும் உண்டு. ஆகவே இச்சட்டம் நம் இரு தரப்பாரையும் தொடுகிறது.

சட்டம் பிறந்த வரலாறு

வாடகை இடங்களை உள்ளாட்சி அதிகாரிகள் கண்காணிப்பது இங்கிலாந்தில் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 19-ஆம் நூற்றாண்டில் தொழில் நகரங்கள் பெருகியபோது, ஓரிரவுக்குச் சில காசு வாங்கிக்கொண்டு படுக்க இடம் தரும் விடுதிகள் மலிந்தன. ஒரே அறையில் ஆணும் பெண்ணும் குழந்தைகளும் நோயாளிகளுமாக அடைந்து கிடந்தனர். அயர்லாந்தின் கொடும்பஞ்சத்தினின்று தப்பி வந்த ஏழைக் கத்தோலிக்கர் பலர் தங்கியதும் இத்தகைய இடங்களில்தான். 1851-இல், பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு என்று புகழ்பெற்ற ஆஷ்லி பிரபுவின் முயற்சியால், அவ்விடுதிகளைப் பதிவு செய்யவும் பார்வையிடவும் வகைசெய்யும் சட்டம் நிறைவேறியது.

அண்மைக் காலத்தில் இவ்வுணர்வைத் தட்டியெழுப்பியது ஒரு துயர நிகழ்ச்சி. 1999-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், நிலத்தளத்திற்குக் கீழே அமைந்த வாடகைக் குடியிருப்பு ஒன்றில் தீப்பற்றியது. ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தமையால் வெளியேற வழியின்றி இரு மாணவர்கள் மாண்டனர். அடுத்த ஆண்டிலேயே, 2000-இல், பலர் பகிர்ந்து வாழும் வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற முறை ஸ்காட்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் வழியாக அந்நெறியை ஏற்றன. 2006 முதல் அது செயற்படலாயிற்று. கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் ஒருவன் விழுந்த பின்னரே எழுகிறது என்பது மனித வரலாற்றின் அவலம்.

உரிமம் எவ்வாறு இயங்குகிறது?

இங்கிலாந்தில் மூவகை உரிமங்கள் உள்ளன.

முதல் வகை, நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாய உரிமம். ஒரே குடும்பத்தைச் சாராத ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர், சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகியவற்றைப் பகிர்ந்து வாழும் வீட்டிற்கு இது வேண்டும். இத்தகைய பகிர்வு வீட்டை அங்குள்ளோர் 'எச்.எம்.ஓ.' என்ற மூன்றெழுத்தால் சுட்டுவர். தொடக்கத்தில் மூன்று மாடி கொண்ட வீடுகளுக்கே இவ்விதி பொருந்தியது. 2018 அக்டோபர் 1 முதல் மாடிக் கணக்கு நீக்கப்பட்டது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், மாமன், அத்தை, அவர்தம் மக்கள் ஆகியோர் ஒரே குடும்பமாகக் கருதப்படுவர். ஆனால் நண்பர்கள், ஒரே ஊரிலிருந்து ஒரே விமானத்தில் வந்தவர்களாயினும், தனித்தனிக் குடும்பத்தாரே.

இரண்டாம் வகை, கூடுதல் உரிமம். ஐவருக்குக் குறைவானோர் பகிர்ந்து வாழும் சிறு வீடுகளுக்கும் உரிமம் வேண்டுமென ஒரு நகர மன்றம் தன் எல்லைக்குள் விதிக்கலாம்.

மூன்றாம் வகை, தேர்ந்த பகுதிகளுக்கான உரிமம். வீடுகளின் நிலை சீர்கெட்டிருத்தல், குற்றங்கள் மலிதல், வறுமை மிகுதல் முதலிய காரணங்களைக் காட்டி, ஒரு பகுதியில் தனியாரால் வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கெல்லாம், ஒரே குடும்பம் குடியிருப்பவற்றுக்கும், உரிமம் வேண்டும் என மன்றம் அறிவிக்கலாம். அதற்குமுன் அப்பகுதி மக்களின் கருத்தைப் பத்து வாரங்களுக்குக் குறையாமல் கேட்டறிய வேண்டும். அறிவிப்பு ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்காது. பின்னர் மீண்டும் காரணம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இவ்வுரிமத்தைத் தன் எல்லை முழுவதற்கும் விரித்த முதல் மன்றம் நாம் மேலே கண்ட நியூஹாமே. 2013 ஜனவரி 1-ஆம் நாள் அத்திட்டம் அங்கே தொடங்கியது. 2015-இல் லிவர்பூல் மாநகரும் அவ்வாறே செய்தது.

உரிமம் கேட்பவர் தகுதியும் நேர்மையும் உடையவரா என்று மன்றம் ஆராயும். மோசடி, வன்முறை போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவரா, வீட்டுவசதிச் சட்டங்களை மீறியவரா என்பன பார்க்கப்படும். எரிவாயுக் கருவிகள் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் புகையை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருக்க வேண்டும். குடியிருப்பவருக்கு வாடகை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். எத்தனை பேர் தங்கலாம் என்பதைப் பகிர்வு வீட்டின் உரிமமே வரையறுக்கும்.

உரிமம் பெற்ற பகிர்வு வீடுகளில் படுக்கையறையின் பரப்புக்கும் அளவு உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையலாகாது. அதாவது ஏறத்தாழ 70 சதுர அடி. இருவர் உறங்கினால் 10.22 சதுர மீட்டர், ஏறத்தாழ 110 சதுர அடி. 4.64 சதுர மீட்டருக்குக் குறைந்த இடத்தை எவரும் உறங்குமிடமாகப் பயன்படுத்தவே கூடாது. பத்தடிக்கு ஏழடி என்பது அரண்மனையன்று. ஒரு கட்டிலும் ஒரு மேசையும் இட்டால் நிறைந்துவிடும். அதற்கும் குறைவான இடத்தை ஒரு மனிதனுக்குக் கொடுத்துப் பணம் பெறுவது தகாது என்பதே சட்டத்தின் தீர்ப்பு.

நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று: இறைவேண்டல், தியானம், கல்வி, துயர்துடைப்பு ஆகியவற்றையே முதன்மைப் பணியாகக் கொண்ட துறவற இல்லங்கள் பகிர்வு வீடுகளாகக் கருதப்படுவதில்லை. அவ்வாறே, உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டில் இருவருக்கு மேற்படாமல் தங்கவைத்தால், அதுவும் பகிர்வு வீடாகாது.

உரிமமின்றி வாடகைக்கு விடுவது குற்றம். நீதிமன்றம் வரம்பற்ற அபராதம் விதிக்கலாம். வழக்குத் தொடராமல் மன்றமே தண்டத்தொகை விதிக்கும் முறை 2017-இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் உச்சவரம்பு 30,000 பவுண்டு. 2025-ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் அதனை 40,000 ஆக உயர்த்த வகைசெய்தது. குடியிருப்பவரும், தாம் செலுத்திய வாடகையைத் திரும்பப் பெறத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பன்னிரண்டு மாத வாடகை வரை எனத் தொடக்கத்தில் இருந்த இவ்வரம்பை, அதே 2025 சட்டம் இரண்டாண்டாக நீட்டியது.

எழுப்பப்படும் மறுப்புகள்

இம்முறையை எதிர்ப்போர் கூறுவதையும் நேர்மையுடன் கேட்க வேண்டும்.

உரிமக் கட்டணம் பல நூறு பவுண்டு ஆகிறது. இறுதியில் அதனை வாடகையில் ஏற்றிக் குடியிருப்பவன் தலையிலேயே கட்டுகிறார்கள் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மையில்லை என்று கூற இயலாது. ஆயினும் ஐந்தாண்டுக்குப் பகிர்ந்து பார்த்தால், மாதத்திற்கு விழும் சுமை சிறிதே. இக்கட்டணத்தை உரிமத் திட்டத்தை நடத்தும் செலவுக்காகவே மன்றம் பெறலாம். தன் பொது வருவாயைப் பெருக்கும் வழியாகக் கொள்ளலாகாது.

நல்லவர் முன்வந்து பணம் கட்டுகிறார். தீயவரோ ஒளிந்துகொள்கிறார் என்பது இரண்டாம் மறுப்பு. இதுவும் உண்மையே. போதிய பார்வையாளர்கள் இல்லாத மன்றத்தில் உரிமம் வெறும் காகிதமாகிவிடும். ஆனால் இது சட்டத்தின் குற்றமன்று. அதனைச் செயற்படுத்தாமையின் குற்றம். திருடர் எல்லாரும் பிடிபடுவதில்லை என்பதற்காகத் திருட்டைத் தடுக்கும் சட்டத்தை யாரும் நீக்குவதில்லை.

மூன்றாம் மறுப்பே நெஞ்சைச் சுடுவது. பத்துப் பேர் நெருக்கியடித்து வாழும் வீட்டை மன்றம் கண்டுபிடித்து, ஐவர் மட்டுமே தங்கலாம் என்று ஆணையிட்டால், மற்ற ஐவர் எங்கே போவர்? இந்த அச்சத்தாலேயே, நெருக்கடியில் வாடுகிறவன் தன்னை நெருக்குகிறவனைக் காட்டிக்கொடுக்காமல் வாய்மூடி இருக்கிறான். வாடகை குறைந்த, நல்ல வீடுகள் போதிய அளவில் இல்லாதவரை எந்த உரிமமும் இத்துன்பத்தை முற்றிலும் போக்காது. இதனை ஒப்புக்கொள்வதே நேர்மை. எனினும், போக்கிடம் இல்லாதவன் என்பதற்காக அவனை எரியக்கூடிய கூண்டில் அடைத்து வைக்கலாம் என்று எந்த மனச்சான்றும் கூறாது.

காகிதம் மட்டும் காப்பதில்லை

2023 மார்ச் மாதத்தில் கிழக்கு இலண்டனின் ஷாட்வெல் என்ற இடத்தில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். இரண்டு படுக்கையறை மட்டுமே கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்றில் தீப்பற்றியது. மின்கலத்திலிருந்து பிறந்த தீ அது. அனுமதிக்கப்பட்டதைவிடப் பன்மடங்கானோர், பதினெட்டுக்கும் குறையாத ஆண்கள், அங்கே முறைவைத்து உறங்கி வந்தனர். குடும்பத்தைக் காக்க வங்காள தேசத்திலிருந்து வந்து சில நாள்களே ஆன ஒருவர் மாண்டார். அவரும் ஒருவருக்குத் தந்தை, ஒருத்திக்குக் கணவர். அவருடைய ஊரிலும், "தெரிந்தவர் ஒருவர் இடம் பார்த்துத் தந்தார்" என்றே வீட்டார் ஆறுதல் அடைந்திருக்கக்கூடும்.

அந்தப் பகுதியில் சட்டம் இல்லாமல் இல்லை. விதிகள் எழுதப்படாமல் இல்லை. இங்கேதான் நகர மன்றத்தின் எல்லை முடிந்து மனச்சான்றின் எல்லை தொடங்குகிறது. பார்வையாளர் ஆண்டுக்கொருமுறை வரலாம், வராமலும் போகலாம். மாதந்தோறும் வாடகை வாங்க வருகிறவருக்கு அங்கே எத்தனை பாய் விரிக்கப்படுகிறது என்பது தெரியாமலிருக்க இயலாது.

திருச்சபையின் குரல்

வீடு என்பது வெறும் விற்பனைப் பொருளன்று என்று திருச்சபை இடைவிடாது கற்பித்து வருகிறது. 1983-இல் திருப்பீடம் வெளியிட்ட குடும்ப உரிமைச் சாசனம், குடும்ப வாழ்வுக்கு ஏற்றதும் உறுப்பினர் எண்ணிக்கைக்குப் பொருந்துவதுமான தகுந்த இல்லம் பெறுவதைக் குடும்பத்தின் உரிமை என்று அறிவிக்கிறது. நகர மன்றம் சதுர மீட்டர் கணக்கில் அளப்பதையே திருப்பீடம் மனித மாண்பின் கணக்கில் அளந்திருக்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும், வீடின்மையை மனித மாண்பைத் தொடும் பெருங்குறையாகச் சுட்டுகிறது.

தனியுடைமையைத் திருச்சபை மறுக்கவில்லை. உழைத்துச் சேர்த்த பொருளால் வீடு வாங்குவதும், அதற்கு நியாயமான வாடகை பெறுவதும் பாவமன்று. ஆனால் உடைமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. அநீதியால் தன் மாளிகையைக் கட்டுபவனுக்கு எரேமியா இறைவாக்கினர் கேடு அறிவித்தார். விடுதியில் இடமின்றித் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டவரையே நாம் ஆண்டவர் என்று வணங்குகிறோம். அன்னியனாய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்றே அவர் இறுதி நாளில் வினவுவார். ஏற்றுக்கொண்டது மட்டுமன்றி, எப்படிப்பட்ட அறையில் வைத்தோம் என்றும் வினவமாட்டாரா?

செய்யத்தக்கவை

பெற்றோரே, பிள்ளை விமானம் ஏறுமுன் அவன் தங்கப்போகும் வீட்டின் முழு முகவரியைக் கேட்டுப் பெறுங்கள். தாம் வழங்கிய உரிமங்களின் பதிவேட்டை ஒவ்வொரு நகர மன்றமும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும் என்பது சட்டம். அப்பகுதியில் எவ்வகை உரிமம் தேவை, அவ்வீட்டிற்கு அது உண்டா, எத்தனை பேருக்கு உண்டு என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். வாடகை நிபந்தனைகளை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவர் எவ்வளவு இனிமையாகத் தமிழ் பேசினாலும், அங்கே முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அங்கே குடியிருக்கும் இளைஞரே, புகை மணி ஒலிக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். சமைக்கும்போது தொல்லை தருகிறது என்று அதன் மின்கலத்தைக் கழற்றாதீர்கள். தீப்பற்றினால் எவ்வழியாக வெளியேறுவது என்பதை முதல் நாளே அறிந்துகொள்ளுங்கள். வாடகைப் பணம் குறைவதற்காக அனுமதியின்றி மேலும் ஒரு நண்பனை அறைக்குள் சேர்ப்பதும் தவறே என்பதை மறவாதீர்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் நம் மக்களே, உரிமத்தை வரியாகவோ அவமதிப்பாகவோ எண்ண வேண்டாம். நேர்மையாளருக்கு அது நற்சான்று. 'நம் ஊர்ப் பையன்தானே, பொறுத்துக்கொள்வான்' என்ற நினைப்பே பெரும்பாலான கொடுமைகளுக்கு வித்து. நம் ஊர்ப் பையன் என்பதாலேயே நல்ல அறையைக் கொடுங்கள். இரவில் உங்கள் மகன் அங்கே உறங்க நீங்கள் அஞ்சமாட்டீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். அதைவிடக் கடுமையான பார்வையாளர் எந்த மன்றத்திலும் இல்லை.

இதனைக் கடல்கடந்த செய்தி என்று ஒதுக்கிவிடவும் இயலாது. நம் நகரங்களிலும், கல்லூரிகளையும் தொழிற்சாலைகளையும் சுற்றி, வெளியூர் மாணவருக்கும் வட மாநிலத் தொழிலாளருக்கும் அறைகளை வாடகைக்கு விடுவோர் நம் பங்குகளிலேயே உள்ளனர். 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கோருகிறது. பெண்கள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் உண்டு. இவற்றை எத்தனை பேர் பின்பற்றுகிறோம்? பத்துக்கு ஏழடி என்று நம்மை அளக்க எவரும் வராத இடத்தில், நாமே அளந்து பார்க்கும் பொறுப்பு இன்னும் மிகுதியாகிறது.

வீட்டைப் புனிதப்படுத்த வரும் குருவானவர் அறைதோறும் தீர்த்தம் தெளித்து, அங்கு வாழ்வோர்க்கு இறைவனின் காவலை வேண்டுகிறார். அந்தக் காவலுக்கு நம் பங்கும் உண்டு. மின்கம்பி சீராக இருக்கட்டும். கதவு உள்ளிருந்து திறக்கட்டும். காற்றும் வெளிச்சமும் வரட்டும். ஒருவனுக்கான இடத்தில் ஒருவனே உறங்கட்டும். நாம் கட்டிய வீட்டின்மேல் எவருடைய இரத்தப்பழியும் வராதிருக்க, நம் கைப்பிடிச் சுவரை இன்றே எழுப்புவோம்.